யாராவது கேட்டால்

அல்சூரில் ஜெயலட்சுமி குடியிருந்த தெருவில் எதையும் மூடி வைக்க முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு வாசலில் நின்றுதான் ஆக வேண்டும். நின்றால் வாய் சும்மா இருக்குமா? எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் மகள் யாருடைய ஸ்கூட்டரில் உட்கார்ந்து போனாள், எந்த மாமியார் எந்த மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் குடம் நிறைவதற்குள் நான்கு வீடு தாண்டிவிடும். அந்தக் கூட்டத்தில் முதலிடம் ஜெயலட்சுமிக்குத்தான். அவளிடம் ஒரு சேதியைச் சொன்னால் தபால் செலவு மிச்சம் என்று அவள் வீட்டுக்காரர் சண்முகமே சொல்வார்.

அப்பேர்ப்பட்டவள் கையில் தெருவிலேயே பெரிய ரகசியம் வந்து சேர்ந்தது. 2003-ஆம் வருஷம் அது.

ரகசியத்தைக் கொண்டுவந்தவன் அவளுடைய மகன் அருண்குமார். பி.யு.சி. முடித்த கையோடு கடற்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவன். கப்பல் எஞ்சினோடு பழகி, நல்ல பெயர் வாங்கி, இப்போது ஒரு புதுப் பிரிவுக்குத் தேர்வாகியிருந்தான். பயிற்சிக்குப் போகுமுன் ஒரு வாரம் லீவில் வந்தவன், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

“கடலுக்கு அடியில போற வேலைம்மா. அணு உலை சம்பந்தப்பட்டது. வீட்டுல இவ்வளவுதான் சொல்லலாம்னு சொல்லியிருக்காங்க. எங்க, எப்போ, எப்படின்னு எதுவும் கேக்காதீங்க. வெளியில இதுகூட மூச்சு விடக் கூடாது.”

ஜெயலட்சுமிக்குக் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அணு என்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் குண்டுதான். “அந்த உலைப் பக்கம் மட்டும் போவாதே கண்ணு. மத்த வேலையெல்லாம் செய்,” என்றாள்.

“அதுக்குத்தாம்மா என்னை எடுத்திருக்காங்க.”

சண்முகம் தன் பங்குக்கு அட்வைஸ் கொடுத்தார். மாநில அரசு ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர் அவர். அந்த அனுபவத்தை எல்லாம் பிழிந்து ஒரே ஒரு சொட்டாக மகனுக்குக் கொடுத்தார். “மேலதிகாரி எது கேட்டாலும் ‘ஆயித்து சார்’, ஆச்சு சார்னு சொல்லிடு. முடிஞ்சுதான்னு யாரும் உடனே வந்து பாக்க மாட்டான். அப்புறமா மெதுவா போய்ச் செஞ்சுக்கலாம். நான் அப்படித்தான் ஒரு மெமோ வாங்காம வெளிய வந்தேன்.”

அருண் சிரித்தான். 

அந்த லீவிலேயே நிச்சயதார்த்தமும் முடிந்தது. பெண் சௌம்யா. அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் முனிராஜின் மகள். கோரமங்கலா பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஜெயலட்சுமிக்கு அந்தப் பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. பஜ்ஜி நன்றாக இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, இன்னொன்றையும் எடுத்துத் தின்ற பெண் அவள். அவளுடைய அம்மா காந்தா வாய்க்கு வாய் ‘சம்பந்தி, சம்பந்தி’ என்று கூப்பிட்டதும் பிடித்திருந்தது. கல்யாணத்தை ஆறு மாதம் கழித்து, அருணின் அடுத்த லீவில் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. மாப்பிள்ளை கடற்படை என்பதற்கு மேல் அப்போது யாரும் தோண்டிக் கேட்கவில்லை.

லீவு முடிந்து கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிடப் போனார்கள். ஒக்கலிபுரத்தில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் வித்யாலட்சுமியும் வந்திருந்தாள். ஊறுகாய் பாட்டில் ஒழுகுகிறதா என்று பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது. வண்டி நகர்ந்த பிறகுதான் ஜெயலட்சுமிக்கு முக்கியமான சந்தேகம் வந்தது. ஜன்னலோடு கூடவே நடந்தாள்.

“டேய், யாராவது கேட்டா என்னடா சொல்றது?”

அருண் ஏதோ நீளமாகச் சொல்ல வாயெடுத்தான். வண்டி வேகம் பிடித்தது. “எதையாவது சொல்லிச் சமாளிங்கம்மா!” என்று கத்திவிட்டுக் கையை ஆட்டினான்.

சமாளிப்பதா? அதில் இந்தக் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுநாளே குழாயடியில் கேள்வி வந்தது. “பையன் எந்த ஊர்ல இருக்கான் ஜெயாக்கா?” என்று பக்கத்து வீட்டு சுப்புலக்ஷ்மி கேட்டாள். ஜெயலட்சுமி கண் இமைக்காமல், “கொச்சியில. கடற்படை கேன்டீன்ல ஸ்டாக் பாக்கறான்,” என்றாள். ஏன் கேன்டீன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பத்திரமான இடமாக மனசுக்குப் பட்டது. சோப்பும் பிஸ்கட்டும் வெடிக்காது அல்லவா? சொன்னதோடு விட்டாளா? அங்கே பிரஷர் குக்கர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்த வாரமே தெருவில் ஆளாளுக்கு குக்கர் சொல்லி வைத்தார்கள். எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருக்கும் ஓஸ்வால்ட், கிறிஸ்துமஸுக்கு இரண்டு பாட்டில் ரம் கேட்டார். ஸ்டாக் இல்லை என்று சொல்லி ஜெயலட்சுமிக்கு மாளவில்லை.

சண்முகம் காலையில் ஏரிக்கரையில் நடக்கும்போது கூட்டாளிகள் கேட்டார்கள். தன் மகன் கேன்டீனில் இருப்பதாகச் சொல்ல அவருக்கு எந்தக் காலத்திலும் வாய் வராது. “பம்பாய்ல மேல்படிப்பு. டிபார்ட்மெண்டே செலவு பண்ணிப் படிக்க வைக்குது,” என்றார்.

ஒக்கலிபுரத்தில் வித்யாவின் மாமியார் கேட்டார். அவர் எதையும் அரைகுறையாக விடுகிறவர் அல்ல. ஊர், தெரு, சம்பளம் என்று குடைவார். வித்யா யோசித்தாள், தூரமாகச் சொன்னால் குடைய முடியாது. “நேவிய விட்டுட்டான் அத்தை. துபாய் கம்பெனிக் கப்பல்ல சேந்துட்டான்.”

மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ரகசியம் என்றால் வீட்டுக்குள்ளேயும் பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்கள். ஜெயலட்சுமிக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்!

விஷயம் கல்யாணப் பத்திரிகையில் வந்து முட்டியது.

பத்திரிகை அடிக்கும் பொறுப்பு பெண் வீட்டுக்காரர்களுடையது. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே என்ன வேலை, எந்த ஊர் என்று போட வேண்டுமே. முனிராஜ் சண்முகத்துக்குப் போன் செய்தார்; பம்பாயில் மேல்படிப்பு என்று பதில் வந்தது. அதே வாரம் சோமேஸ்வரர் கோயிலில் ஜெயலட்சுமியைப் பார்த்த காந்தா அதையே கேட்டாள். கொச்சி, கேன்டீன் என்றாள் ஜெயலட்சுமி. வீட்டுக்குப் போய்ப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காந்தாவின் தங்கை இருப்பது ஒக்கலிபுரத்தில், வித்யா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவளிடம் விசாரித்தால், “அந்தப் பையன் நேவிய விட்டு ஓடியே போயிட்டானாமே, துபாய்க்கு?” என்றாள்.

முனிராஜ் நேராக அல்சூருக்கு வந்து, சட்டை அளவு கொடுக்கிற சாக்கில் ஓஸ்வால்ட் கடையில் உட்கார்ந்தார். ஓஸ்வால்டுக்கு மனசில் கெட்ட எண்ணம் கிடையாது. தெரிந்ததைத்தான் சொன்னார்.

“நல்ல பையன் சார். ஆனா என்னமோ தெரியல, ரெண்டு தபா போலீஸ் வந்து அவனப் பத்தி விசாரிச்சுட்டுப் போச்சு. மஃப்டியில. ‘ஹுடுகா ஹேகே?’, பையன் எப்படின்னு கன்னடத்துல எங்கிட்டயே கேட்டாங்க. தும்ப ஒள்ளே ஹுடுகா, ரொம்ப நல்ல பையன்னு நான் சொன்னேன். எதுக்கு வந்தாங்கன்னு கேட்டா சொல்லல.”

அப்படிப்பட்ட வேலைக்கு ஆள் எடுத்தால் போலீஸ் வந்து நாலு பேரிடம் விசாரிக்கத்தான் செய்யும். அது முனிராஜுக்கு எப்படித் தெரியும்? மூன்று பேர் மூன்று ஊர் சொல்கிறார்கள், போலீஸ் இரண்டு முறை வந்திருக்கிறது. பையன் எங்கேயோ உள்ளே இருக்கிறான் என்று அவர் முடிவு கட்டியதில் தப்பே சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு முனிராஜும் காந்தாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். காந்தாவின் கையில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் நிச்சயத்தன்று ஜெயலட்சுமி கொடுத்த மாம்பழக் கலர் பட்டுப்புடவை, மடிப்புக் கலையாமல். மேலே வெற்றிலை பாக்கு. தட்டைப் பார்த்ததுமே ஜெயலட்சுமிக்கு விளங்கிவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தால், நமக்குள் சம்பந்தமில்லை என்று அர்த்தம்.

காந்தா தட்டை டீப்பாயில் வைத்தாள். ஒரு தடவைகூட ‘சம்பந்தி’ என்று கூப்பிடவில்லை. “உங்களோட சண்டை போட வரலைங்க,” என்றாள். “எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான். தம்பி என்ன வேலை பாக்கறாரு?”

“கேன்டீன்,” என்றாள் ஜெயலட்சுமி.

“மேல்படிப்பு,” என்றார் சண்முகம்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்து அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வித்யா, உள்ளேயிருந்தே உதவிக்கு வந்தாள். “துபாய்!”

  சண்முகம் மனைவியைப் பார்த்தார், மனைவி மகளைப் பார்த்தாள். மூன்று பேர் முகத்திலும் அசடு வழிந்தது.

“பாருங்க,” என்றார் முனிராஜ். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. “மூணு பேரும் உக்காந்து பேசி, ஒரே பொய்யாவது சொல்லியிருக்கலாம். பையன் ஜெயில்ல இருந்தா இருக்கான்னு சொல்லிடுங்க. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். எங்க பொண்ண விட்டுடுங்க.”

ஜெயில் என்ற வார்த்தை ஜெயலட்சுமியின் நெஞ்சில் போய்த் தைத்தது. அணு என்று கத்திவிடலாமா என்று நாக்கு துடித்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், மகன் மேல் விழுந்த அழுக்கு போய்விடும். ஆனால் அதைச் சொல்லக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் அப்படி வாயடைத்து உட்கார்ந்து சண்முகம் பார்த்ததே இல்லை.

அருண் ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணி வாக்கில் போன் செய்வது வழக்கம். எந்த ஊரிலிருந்து என்று சொல்ல மாட்டான். சில ஞாயிறு வராது. அன்றைக்கு வந்தது. ஜெயலட்சுமி ஓடிப்போய் எடுத்தாள்.

“டேய், உன் மாமனார் வந்திருக்காருடா. தட்டத் திருப்பிக் குடுக்க வந்திருக்காங்க. நீ ஜெயில்ல இருக்கேங்கறாங்க.”

“ஜெயிலா? நீங்க என்னம்மா சொல்லி வச்சீங்க?”

ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேன்டீன் என்றதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பம்பாய், துபாய் என்று போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

“தப்பு என்னோடதும்மா,” என்றான் அருண். “வீட்டுல என்ன சொல்லணும்னு எங்களுக்குத் தெளிவாச் சொல்லித்தான் அனுப்பினாங்க. பொய் சொல்லாதீங்க, ‘சொல்ல முடியாது’ன்னு மட்டும் சொல்லுங்கன்னு. ஸ்டேஷன்ல வண்டி கிளம்பிடுச்சு, நான் வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்.”

“சொல்ல முடியாதுன்னு சொன்னா மரியாதையா இருக்குமாடா?”

“இங்க வந்த முதல் வாரம் பூரா அட்வைஸ்தாம்மா. தெரியாதத தொடாதே, தெரியலன்னா கேளு, தப்புப் பண்ணினா அடுத்தவன் பாக்கறதுக்குள்ள நீயே கத்திச் சொல்லிடு. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. இது எந்த ஃபேக்டரியிலயும் இருக்கறதுதான், அதனால சொல்றேன். மணிக்கு ஒரு தரம் மீட்டரப் பாத்துக் கட்டத்துல நம்பர் எழுதணும். ஒரு மணி மறந்துட்டா என்ன பண்ணுவீங்க?”

“முன்னாடி இருக்கற நம்பரப் பாத்து அதே மாதிரி எழுதிடுவேன்.”

“அப்பாவும் அதத்தான் பண்ணுவாரு. இங்க அதப் பண்ணினா அன்னிக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். மறந்துட்டா காலியா விடணும். காலியா இருந்தா இன்னொருத்தன் கண்ணுல படும், எழுந்து போய் மீட்டரப் பாப்பான். பொய்யா ஒரு நம்பர் இருந்தா எல்லாரும் சரியா இருக்குன்னு நம்பிட்டு உக்காந்திருப்பாங்க. புரியுதா? போனை மாமாகிட்ட குடுங்க.”

முனிராஜ் ரிசீவரைக் காதில் வைத்தார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் ஜெயலட்சுமிக்குக் கேட்டது.

“எங்க இருக்கீங்க தம்பி? ... சொல்ல முடியாதா? ... சரி, என்ன வேலை? ... அதுவும் முடியாதா? ... நேவியிலதான இருக்கீங்க? ... ம். ... போலீஸ் ஏன் வந்துச்சு? ... வேலைக்கு எடுக்கும்போது விசாரிப்பாங்களா? சரி, சரி. ... எங்க பொண்ணு கேட்டா என்ன சொல்லுவீங்க? ... அவகிட்டயும் சொல்ல முடியாதா!”

ரிசீவரை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “உங்ககிட்ட என்னங்க அவ்வளவு நேரம் சொன்னாரு?” என்று ஜெயலட்சுமியிடம் கேட்டார். அவள் மீட்டர் கதையை அப்படியே ஒப்பித்தாள். பட்டறைக்காரருக்கு அது சட்டென்று பிடிபட்டது. “என் லேத்துல இருக்கற பசங்களும் இதத்தான் பண்றானுங்க. அளவே எடுக்காம எடுத்த மாதிரி சீட்டுல போட்டுடுவானுங்க. சரக்கு திரும்பி வந்தப்புறம்தான் வண்டவாளம் தெரியும்,” என்றார். பிறகு எழுந்து நின்றார். “தம்பி பொய் சொல்ற ஆளில்ல, அது புரியுது. ஆனா என்ன வேலைன்னே தெரியாம எப்படிங்க பொண்ணக் குடுக்கறது? தட்டு இங்கயே இருக்கட்டும். சௌம்யா முடிவு பண்ணட்டும்.”

தட்டு டீப்பாயிலேயே இருந்தது.

அந்த ஒரு வாரம் ஜெயலட்சுமி அதைத் தொடவில்லை. தூசி தட்டும்போதுகூட அதைச் சுற்றித்தான் தட்டினாள். வெற்றிலை வாடிச் சுருண்டது. குழாயடியில் சுப்புலக்ஷ்மி, “குக்கர் எப்போ வருது அக்கா?” என்று கேட்டபோது, “குக்கர் வராது. அவன் கேன்டீன்ல இல்ல. எங்க இருக்கான்னு சொல்ல முடியாது,” என்றாள். சொல்லும்போது காது சூடாயிற்று. சுப்புலக்ஷ்மி குடத்தை வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு விதமாகக் கதை கிளம்பிவிட்டது. நாலில் ஒன்றில்கூட ஜெயலட்சுமியின் கைவேலை இல்லை. அது ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சண்முகம் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். பத்தே முக்காலுக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சௌம்யா தனியாக வந்திருந்தாள், அடுகோடியிலிருந்து பஸ்ஸில்.

“அவர் பதினோரு மணிக்குப் போன் பண்ணுவாருன்னு அப்பா சொன்னாரு,” என்றாள். “நானே பேசிப் பாக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். பரவாயில்லையா அத்தை?”

‘அத்தை’ என்றது ஜெயலட்சுமிக்குத் தேனாக இருந்தது. நம்பிவிடவும் பயமாக இருந்தது. காபி கொடுத்தாள். காபி நன்றாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். அவள் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும். போனுக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே டீப்பாயில் தட்டு.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றே காலும் ஆயிற்று. ஆபீஸில் ஏசி அதிகம், மாலையில் ஓசூர் ரோடு பஸ்ஸில் கூட்டம் என்று சௌம்யா ஏதேதோ பேசினாள். பேச்சுக்கு நடுவே போனைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டு தாண்டியதும் பேச்சு நின்றது.

“ஏன் அத்தை வரல?”

ஜெயலட்சுமியிடம் பதிலுக்கா பஞ்சம்? வரிசையாக வந்து நின்றன. போன மாத மழையில் கேபிள் ஊறி, தெருவுக்கே லைன் போயிருந்தது, அதைச் சொல்லலாம். பூத்தில் கூட்டமாக இருக்கும் என்று சொல்லலாம். டியூட்டி மாற்றிப் போட்டிருப்பார்கள் என்றால் யாரும் நம்புவார்கள். இவற்றில் ஏதோ ஒன்றைச் சிரித்த முகத்தோடு சொன்னால் போதும், பெண் சமாதானமாகிவிடுவாள். கல்யாணமும் நின்றுவிடாது. வாயைத் திறந்தாள்.

“தெரியலம்மா,” என்றாள்.

சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை. மீதியும் கூடவே வந்துவிட்டது. “நெஜமாவே தெரியல. எங்க இருக்கான்னு தெரியாது. ஆபத்தா இல்லையான்னு தெரியாது. போன் வராத ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. உன்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. எனக்கு யாரு அப்படிச் சொல்றது?”

சௌம்யா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“போன் வராத அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?”

“இங்கயே உக்காந்திருப்பேன். சாயங்காலம் வரைக்கும். உன் மாமனார்கிட்ட முட்டி வலிக்குதுன்னு சொல்லிடுவேன். அவரும் பாவம், தைலம் வாங்கிட்டு வருவாரு. வீட்டுல நாலு பாட்டில் இருக்கு.”

சௌம்யாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. அதை மறைக்க அவள் சிரமப்படவில்லை, துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டாள். பிறகு டீப்பாயை நோக்கிக் கையை நீட்டித் தட்டை எடுத்தாள். வாடிய வெற்றிலையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, புடவையோடு தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போனா அம்மா கேப்பாங்க, மாப்பிள்ளை என்ன சொன்னாருன்னு,” என்றாள்.

“என்ன சொல்லுவ?”

“போன் வரலைன்னு சொல்லுவேன். ஏன்னு அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுன்னு சொல்லுவேன்.” புடவையின் ஜரிகையை விரலால் நீவினாள். “புடவையத் திருப்பி எடுத்துட்டு வந்திருக்கேனே, அதப் பாத்தா அம்மாவுக்கு மீதி புரிஞ்சுடும்.”

ஜெயலட்சுமி தட்டைத் தாண்டிக் கை நீட்டினாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. “சாப்டுட்டுப் போ,” என்றாள்.

“போறதா? சாயங்காலம் வரைக்கும்தான உக்காருவீங்க? நானும் இருக்கேன் அத்தை.”

சண்முகம் மார்க்கெட்டிலிருந்து வந்தார். வருங்கால மருமகள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். போனைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“போன் வரலையா?”

“வரல.”

“முட்டி வலியா ஜெயா?” என்று கேட்டுக்கொண்டே அவர் சட்டைப் பையைத் தடவினார். எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிய புதுத் தைல பாட்டில் அதில் இருந்தது.

“முட்டியெல்லாம் ஒண்ணும் வலிக்கலீங்க,” என்றாள் ஜெயலட்சுமி. “பயமா இருக்கு.”

சண்முகம் பையிலிருந்து கையை எடுத்தார். பிறகு கீரைக்கட்டைத் தரையில் வைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எனக்கும்தான்,” என்றார்.